தைபே: இரண்டு பிள்ளைகள், ஒரு ஸ்ட்ரோலர், நிறைய மழை

சிங்கப்பூரிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், பிள்ளைகளின் தூக்க நேரமும் குழம்பாது. ஜூன் பள்ளி விடுமுறைக்குத் தைவானின் தலைநகர் தைபேயைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்றரை. கணவர் எதையும் சாப்பிடுவார். நான் சைவம். என் மாமியார் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "ஏப்ரல்லதானே அங்க பூமி ஆடுச்சு?" 2024 ஏப்ரல் 3ஆம் தேதி ஹுவாலியன் பக்கம் 7.2 அளவில் ஆடியது உண்மைதான். அது கிழக்குக் கடற்கரை, நாங்கள் போவது வடக்கே என்று சொல்லிப் பார்த்தேன். "தீவுதானே, எந்தப் பக்கம் ஆடினா என்ன" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தினமும் இரவு பிள்ளைகள் தூங்கியபின் கைபேசியில் எழுதி வைத்தவை இவை. விலையெல்லாம் தைவான் டாலரில். அப்போது 24 டாலர் கிட்டத்தட்ட நம் ஒரு சிங்கப்பூர் வெள்ளி. இந்திய ரூபாயில் வேண்டுமென்றால் இரண்டரையால் பெருக்கி, மேலே கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 7, வெள்ளி

தாவ்யுவான் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் ரயிலில் வந்தோம். பெரியவர்களுக்கு ஆளுக்கு 150. அந்த ஊர் மெட்ரோ ரயிலான எம்ஆர்டியில் 115 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. பெரியவள் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டாள். அவளுக்கென்று தனியாக ஈஸிகார்டு என்னும் பயண அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்ததில் அவளுக்கு வந்த கர்வம் பயணம் முடியும்வரை இறங்கவில்லை. அட்டை விலை 100, உள்ளே போடும் பணம் தனி.

ஷுவாங்லியன் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டல். அறையில் ஸ்ட்ரோலரை விரித்தால் கதவு திறக்காது, மடித்தால் நாங்கள் நடக்கலாம். குளித்துவிட்டுச் சாயங்காலம் தெருவில் இறங்கினோம். வெக்கை நம் ஊர் மாதிரியேதான், ஆனால் காற்று அசையவே இல்லை. அப்போது முனையிலிருந்து மணி ஒலிப்பதுபோல் பியானோ இசை வந்தது. பெரியவளின் பியானோ வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அடித்து நொறுக்கும் அதே பீத்தோவன் மெட்டு. "ஐஸ்கிரீம் வண்டி!" என்று சின்னவன் ஸ்ட்ரோலர் பெல்ட்டைக் கழற்றத் துடித்தான். மஞ்சள் வண்டி நெருங்கியபோது கடை வாசல்களிலிருந்தும் மாடிப்படிகளிலிருந்தும் ஆட்கள் கையில் பையுடன் இறங்கி வந்தார்கள். செருப்பும் அரைக்கால் சட்டையுமாகத் தாத்தா, அலுவலக உடையில் ஒரு பெண், ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பையன். குப்பை வண்டி!

இந்த ஊரில் குப்பையைத் தரையில் வைக்கக் கூடாது. வண்டி வரும் நேரத்துக்குக் காத்திருந்து அவரவர் கையால் போட வேண்டும். பையும் நகராட்சி விற்கும் பையாகத்தான் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து குப்பை வரி அந்தப் பையின் விலையிலேயே அடங்கிவிட்டது. குறைவாகக் குப்பை போடுபவருக்குச் செலவும் குறைவு. பின்னாலேயே மறுசுழற்சிக்கு இன்னொரு வண்டி. அடுக்குமாடியில் குழாய்க்குள் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காத ஊரிலிருந்து போனவளுக்கு, அந்த ஐந்து நிமிடக் கூட்டம் திருவிழாபோல் தெரிந்தது. அவர்களுக்கு அது தினசரி எரிச்சலாகவும் இருக்கலாம். சின்னவன் வண்டி மறையும்வரை கையசைத்தான். பின்னால் நின்ற ஊழியர் கையுறையோடு பதிலுக்கு அசைத்தார். அவனைப் பொறுத்தவரை தைபே பயணம் அங்கேயே நிறைவேறிவிட்டது.

நடந்தே நிங்ஷியா நைட் மார்க்கெட். ஒரே தெரு, இரண்டு பக்கமும் வண்டிக் கடைகள், நடுவில் மனிதர்கள். ஸ்ட்ரோலர் உள்ளவர்கள் ஆறு மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள். அதன் பிறகு ஓர் அங்குலம் நகர்வதற்குள் யார் குதிகாலையாவது இடித்துவிடுவீர்கள். இடிபட்டவர்தான் திரும்பி மன்னிப்புக் கேட்கிறார், இது இன்னும் சங்கடம். கணவர் சிப்பி ஆம்லெட் சாப்பிட்டார். நானும் பிள்ளைகளும் எள்ளும் கடலையும் பொடித்துப் புரட்டிய சூடான அரிசி மாவு உருண்டைகள். பல்லில் ஒட்டும், விட மனம் வராது. சுட்ட சோளக்கதிர் நன்றாக இருந்தது, விலை நன்றாக இல்லை. வாடையடிக்கும் தோஃபு (சோயா பனீர்) கடையைத் தாண்டும்போது சின்னவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சத்தமாக, தமிழில், "யாரும்மா?" என்றான். நல்லவேளை, தமிழ்.

ஜூன் 8, சனி

காலையில் தைபே 101 கோபுரம். வானம் வெள்ளையாக இருந்தது. டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே "மேலே ஒன்றும் தெரியாது" என்று சைகையில் சொன்னார்கள். பெரியவர்களுக்கு ஆளுக்கு 600 டாலர். ஆனால் லிஃப்ட் 37 வினாடியில் 89ஆம் மாடிக்குப் போகும் என்று நேற்றே பெரியவளிடம் சொல்லியாகிவிட்டது. இனி யார் நினைத்தாலும் நிறுத்த முடியாது. அவள் வாய்விட்டு எண்ணினாள். காது அடைத்ததில் சின்னவன் அழ ஆரம்பிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

மேலே நாலு பக்கமும் மேகம். ஜன்னலுக்கு வெளியே யாரோ வேட்டியைக் காயப் போட்டிருந்தார்கள். ஆனால் கட்டடத்துக்குள்ளேயே பார்க்க ஒன்று இருக்கிறது: 660 டன் எடையுள்ள தங்க நிறக் குண்டு, ஐந்தரை மீட்டர் விட்டம், மாடிகளுக்கு நடுவில் கம்பிக் கயிறுகளில் தொங்குகிறது. காற்றிலோ நிலநடுக்கத்திலோ கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்தால் குண்டு மறுபக்கம் போய் ஆட்டத்தைத் தணிக்கும். 2015இல் சவுதலோர் சூறாவளி வந்தபோது அது ஒரு மீட்டர் தூரம் அசைந்தது. குண்டைப் படமெடுத்து மாமியாருக்கு அனுப்பினேன். "இவ்வளவு பெருசா மாட்டி வெச்சிருக்காங்கன்னா அடிக்கடி ஆடுதுன்னுதானே அர்த்தம்" என்று குரல்பதிவு வந்தது.

மதியம் சைவ உணவகம். தைவானில் சைவர்கள் பட்டினி கிடக்க வழியே இல்லை. பௌத்தமும் அதை ஒட்டிய வழிபாட்டு மரபுகளும் வளர்த்த பழக்கம். பெரும்பாலான பேட்டைகளில் ஒரு சைவக் கடையாவது இருக்கும். பலகையில் தாமரையோ ஸ்வஸ்திகாவோ இருந்தால் தைரியமாக நுழையலாம். எங்கள் பூஜை அறைக் கோலத்தில் இருப்பதை நடுத்தெருவில் பார்த்ததும் பெரியவள் கத்தியே விட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு வேண்டியதை நாமே போட்டுக்கொள்கிறோம். கடைசியில் எடை போட்டு விலை. என் தட்டு 130 வந்தது. கறிபோலவே செய்த சோயா, இலைக்கீரை நாலு வகை, மூங்கில் குருத்து, கருப்புக் காளான். கட்டுப்பாடான கடைகளில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. அமாவாசைச் சமையலின் தைவான் கிளை இது. முட்டை, பால் உண்டா என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். கல்லாவில் இருந்த பெரியம்மா சின்னவனின் தட்டை எடை போடவே இல்லை. கணவர் காசை நீட்டியதும் கையைத் தட்டிவிட்டார். நிஜமாகவே தட்டிவிட்டார், சத்தம் கேட்டது.

பிற்பகல் டாஆன் பூங்கா. 26 ஹெக்டேர் மரமும் புல்லும், மணல்தொட்டி, சறுக்குமரங்கள், பயமில்லாத அணில்கள். என் பட்டியலில் அன்று மாலைக்கு ஓர் அருங்காட்சியகமும் பழைய மதுபான ஆலையில் நடக்கும் கலைக்கண்காட்சியும் இருந்தன. பிள்ளைகள் மணலை விட்டு எழவில்லை. கணவர் பெஞ்சில் படுத்துவிட்டார். நான் பட்டியலை மடித்து வைத்தேன். மழை வந்து எங்களை எழுப்பியபின் யோங்காங் தெருவுக்கு ஓடி மாம்பழ ஐஸ். ஜூன்தான் இதற்குப் பருவம். தெற்கே தைனானின் யூஜிங் பக்கம் விளையும் சிவப்புத்தோல் மாம்பழம், 1950களில் அமெரிக்காவிலிருந்து வந்த வகை. பூப்போல் சீவிய ஐஸ் மேல் பழத்துண்டுகள், அதன் மேல் மாம்பழ ஐஸ்கிரீம். ஒரு கிண்ணம் 200 டாலருக்கு மேல், நாலு பேருக்குப் போதும். நாலு கரண்டியும் ஒரே பக்கம் போய் முட்டிக்கொண்டதில் ஒரு சின்னச் சண்டை.

ஜூன் 9, ஞாயிறு

பழுப்பு நிறப் பாதை ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியின் முன் கண்ணாடி பிள்ளைகளுக்குத்தான் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது போலும். அங்கே உட்கார்ந்திருந்த இளைஞன் எங்களைப் பார்த்ததும் எழுந்து ஸ்ட்ரோலருக்கும் வழிவிட்டான். ரயில் மாடி வீடுகளின் பால்கனிக்குப் பக்கத்திலேயே வளைந்து வளைந்து போகிறது. காயும் துணிகளை எண்ணலாம்.

வழியில் ஒரு கூத்து. சின்னவன் என் பைக்குள் கைவிட்டு பிஸ்கட்டை எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டான். இந்த ரயிலில் தின்னவும் குடிக்கவும் கூடாது, தண்ணீர்கூட. அபராதம் 1,500இல் தொடங்கி 7,500 வரை போகும். எதிரே இருந்த ஒரு பாட்டி சட்டென்று முன்னால் குனிந்து, பிஸ்கட்டோடு சேர்த்து அவன் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் மூடிக்கொண்டார். திட்டவில்லை. விளையாட்டுபோல அடுத்த நிலையம்வரை அப்படியே வைத்திருந்தார். அவனும் சிரித்துக்கொண்டே இருந்தான். இறங்கும்போது பிஸ்கட் தூளாகியிருந்தது, ஆனால் ஒரு துணுக்குக்கூடத் தரையில் விழவில்லை.

மிருகக்காட்சிசாலை மலைச்சரிவில் இருக்கிறது, நுழைவாயிலிலிருந்து எல்லாமே ஏற்றம். உள்ளே ஓடும் சின்ன வண்டிக்கு 5 டாலர்தான். முதலில் அதில் மேலே போய்விட்டு நடந்து இறங்குவது முழங்காலுக்கு நல்லது. பாண்டாவுக்கு வரிசை இருந்தது. 2008இல் சீனாவிலிருந்து வந்த ஜோடியில் ஆண் பாண்டா துவான்துவான் 2022இல் இறந்துவிட்டது. இப்போது தாய் யுவான்யுவானும் இங்கேயே பிறந்த இரண்டு மகள்களும். நாங்கள் போன நேரத்தில் ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூங்கில் தின்றது. வேறெதுவும் செய்யவில்லை. "அதுக்கு முகம் இருக்கா?" என்று பெரியவள் கேட்டாள். சின்னவனோ கூண்டைக் கழுவும் தண்ணீர்க் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் 34 டிகிரி. கேபிள் காரில் மாவ்கோங் மலைக்கு ஏறினால் குளிரும் என்று நினைத்தோம். நாலு கிலோமீட்டர், 120 டாலர். தரை கண்ணாடியாக இருக்கும் பெட்டிகளும் உண்டு, அதற்குத் தனி வரிசை. காலுக்குக் கீழே மரங்களும் தேயிலைத் தோட்டங்களும் நழுவிப் போவதைப் பிள்ளைகள் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். நான் மேலே உள்ள கம்பியை மட்டும் பார்த்தேன்.

மாவ்கோங்கில் ஒரு தேநீர்க் கடை. பாறைபோல் சுருண்ட தியேகுவான்யின் தேயிலை, சூடான தண்ணீர்க் கெண்டி, சுண்டு விரல் அளவு கோப்பைகள். ஒரு முறை பொட்டலம் வாங்கினால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். தேயிலை விதை எண்ணெயில் புரட்டிய மெல்லிய நூல் நூடுல்ஸ் வந்தது. அதில் வேறெதுவுமே இல்லை, உப்பும் எண்ணெயும் மட்டும். பிள்ளைகள் இருவரும் அந்த நாட்டில் முழுத்தட்டு காலி செய்தது அன்றுதான் முதல்முறை. நான் இன்னொரு தட்டுக்குச் சொன்னேன்.

அது வருவதற்குள் மலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து மேகம் ஏறி வந்து, பட்டப்பகல் ராத்திரியானது. அப்புறம் விழுந்தது பாருங்கள் ஓர் இடி. மேசையிலிருந்த கோப்பைகள் அதிர்ந்தன. சின்னவன் மேசைக்கு அடியில் போய் என் காலைக் கட்டிக்கொண்டான். அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கடைக்கார அம்மா வந்து குனிந்து பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் மேல் போர்த்தினார். இடி மின்னல் இருந்தால் கேபிள் கார் ஓடாது. ஓடவில்லை.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சின்ன பேருந்து ஒன்றில் இடம் கிடைத்தது. மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவுகள், எண்ணெய் நூடுல்ஸ் இரண்டு தட்டு. மூன்றாவது வளைவில் பெரியவள் என் மடியில் வாந்தி எடுத்தாள். நான் பையைத் தேடுவதற்குள் முன்சீட்டிலிருந்து ஒரு பை, பின்சீட்டிலிருந்து ஈரத் துடைப்பான் பொட்டலம், பக்கத்திலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் என்று கைகள் நீண்டன. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் மெதுவாக ஜன்னலைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். மழை உள்ளே அடித்தது, அவர்தான் நனைந்தார்.

ஹோட்டலுக்கு வந்தபின் சின்னவன் வாசலில் உட்கார்ந்து குப்பை வண்டிக்குக் காத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் அது வராது என்று வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் கைபேசி மொழிபெயர்ப்பில் காட்டினார். இரவு இரண்டு மணிக்கு அவன் வீறிட்டு எழுந்தான். மறுபடி நாலு மணிக்கு. அரையாண்டுக்கு முன்னால் விட்டுவிட்ட பால் பாட்டிலைக் கேட்டான். பாட்டிலுக்கு எங்கே போவது? கணவர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் செவன் இலெவன் என்னும் இரவுபகல் கடைக்குப் போய், உறிஞ்சுகுழல் வைத்த பால் வாங்கி, அங்கேயே சூடாக்கிக் கொண்டுவந்தார். இந்த நாட்டில் 13,000க்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட கடைகள் உண்டு. விடியற்காலை நாலு மணிக்கு அந்த எண்ணிக்கையின் அருமை தெரிகிறது.

ஜூன் 10, திங்கள்

டிராகன் படகுத் திருநாள். ஊருக்கே விடுமுறை. காலையில் கீலுங் ஆற்றங்கரை தாஜியா பூங்காவில் படகுப் போட்டி பார்க்கப் போனோம். முரசு அடிக்க அடிக்கத் துடுப்புகள் ஒன்றாக இறங்கி ஏறுவது அழகு. படகின் மூக்கில் ஒருவர் தொங்கிக்கொண்டு எல்லைக்கோட்டிலுள்ள கொடியைப் பிடுங்க வேண்டும். தவறவிட்டவரைப் பார்த்துக் கரையே "ஐயோ" என்றது, எந்த மொழியிலும் அது ஒன்றுதான். நிழல் கிடையாது. அரை மணி நேரத்தில் நால்வரும் வெந்துவிட்டோம். வெண்பூசணியைச் சர்க்கரையோடு காய்ச்சிய பானம் ஒன்று விற்கிறார்கள். காசி அல்வாவைக் கரைத்து ஐஸ் போட்டால் என்ன வருமோ அது. குமிழ் தேநீரின் ஜவ்வரிசி உருண்டைகள் சின்னவன் தொண்டையில் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயம் எனக்கு, ஆகவே இந்த ஊரில் எங்கள் பானம் இதுதான் என்று முடிவானது.

மதியத்துக்கு முன்னாலேயே ஹோட்டலுக்குத் திரும்பிவிட்டோம். வரவேற்பு அம்மாள் எங்களுக்காகவே காத்திருந்ததுபோல் தெரிந்தது. இந்தத் திருநாளன்று உச்சிப்பொழுதில் பச்சை முட்டையை நிமிர்த்தி நிற்க வைத்தால் ஆண்டு முழுவதும் அதிர்ஷ்டம். நாலைந்து முட்டைகளை மேசைமேல் வைத்திருந்தார். முதலில் கணவர். பொறியாளர் என்பதால் நிறைய விளக்கம் கொடுத்தார். முட்டை உருண்டது. நான் முயன்று விட்டுவிட்டேன். பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, பத்து நிமிடம் அசையாமல் நின்றாள். கையை எடுத்தாள். முட்டை நின்றது. அம்மாள் கைதட்டி, உள்ளேயிருந்து சமையல்காரரையும் துப்புரவு செய்யும் பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினார். பரிசாக மூங்கில் இலையில் முக்கோணமாகக் கட்டிய பசையரிசிக் கொழுக்கட்டை. எனக்கென்று காளானும் வேர்க்கடலையும் போட்ட சைவக் கொழுக்கட்டை தனியாக, மேலே கடலைப்பொடியும் தூவி. நான் சைவம் என்பதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. காலை உணவில் நான் ஒதுக்கி வைப்பதைப் பார்த்திருக்கிறார்.

நேற்று இரவு சின்னவன் அழுதது கீழேவரை கேட்டிருக்கிறது. அதையும் அவரே எடுத்தார். கைபேசியில் தட்டிக் காட்டினார்: குழந்தை பயந்திருக்கிறது, ஷிங்தியான் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

போனோம். ஆரஞ்சுப் பாதை ரயிலில் அந்தப் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. குவான்கோங் என்னும் போர்வீரக் கடவுளின் கோயில். 2014இல் ஊதுபத்திச் சட்டிகளையும் படையல் மேசைகளையும் எடுத்துவிட்டார்கள். உண்டியல் கிடையாது, படையலாகக் காசுபோன்ற தாளை எரிப்பதும் கிடையாது. பக்தர்கள் வெறுங்கையோடு வந்து கும்பிடுகிறார்கள். முற்றத்தில் நீல அங்கி அணிந்த பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், எல்லோரும் தொண்டூழியர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வரிசை. சூட்டும் டையும் போட்டவர், பள்ளிச் சீருடையில் ஒரு பெண், கைக்குழந்தையோடு தாத்தா. சிலர் கையில் வீட்டிலிருந்து யாருடைய சட்டையையோ கொண்டுவந்திருந்தார்கள். வர முடியாதவருக்கு அவர் உடுத்திய துணி போதுமாம்.

எங்கள் முறை வந்தது. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. பெயரைக் கேட்டார், சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சின்னவனின் தலை, நெஞ்சு, முதுகு என்று காற்றில் கையை வீசியபடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அவன் அண்ணாந்து வாயைத் திறந்தபடி நின்றான். திருநெல்வேலியில் என் ஆச்சி, பயந்து அழும் பிள்ளைகளுக்கு வேப்பிலையால் மந்திரிக்கும்போது முகத்தில் வரும் அதே கவனம் அந்த அம்மாளின் முகத்திலும் இருந்தது. பிள்ளையைப் பார்க்காமல், பிள்ளைக்குக் கொஞ்சம் பின்னால் எதையோ பார்க்கும் கண். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடிந்ததும் அவன் தோளைத் தட்டி, போகலாம் என்று தலையசைத்தார். பர்ஸைத் திறந்த கணவரைப் பார்த்து வரிசையே கையை ஆட்டியது.

அன்று இரவு விடியும்வரை தூங்கினான். களைப்புதான் காரணம் என்கிறார் கணவர். இருக்கட்டும்.

ஜூன் 11, செவ்வாய்

பெய்டோ. சிவப்புப் பாதையில் போய், அங்கிருந்து ஒரே நிலையத்துக்கு ஓடும் கிளை ரயிலில் ஷின்பெய்டோ. திங்களன்று இங்கே பல இடங்கள் மூடியிருக்கும் என்பதால் செவ்வாய்க்குத் தள்ளி வைத்தோம். இறங்கியதுமே கந்தக வாடை. 1913இல் ஜப்பானியர் காலத்தில் கட்டிய பொதுக் குளியல்கூடம்தான் இப்போது வெந்நீரூற்று அருங்காட்சியகம். கட்டணம் இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தரையில் நடக்கலாம். பிள்ளைகள் வழுக்கி வழுக்கி ஓடினார்கள், காவலர் பார்க்காததுபோல் இருந்தார். பக்கத்திலேயே மரத்தால் கட்டிய பொது நூலகம், பால்கனியில் உட்கார்ந்தால் கீழே ஓடை. படப்புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்து தெரியாமலே பெரியவள் தம்பிக்குக் கதை சொன்னாள். எல்லாக் கதையிலும் குப்பை வண்டி வந்தது.

கொதிக்கும் குளம் வரைக்கும் நடந்தோம். பச்சை நீல நிறத் தண்ணீர், ஆவி, விளிம்பில் வேலி. முன்பெல்லாம் இதில் முட்டை வேக வைப்பார்களாம், இப்போது தடை. ஜூன் மாதத்தில் அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. சட்டை பிழியலாம்.

பெரியவர்கள் கால் நனைக்கும் இலவச வெந்நீர்த் தொட்டி ஃபூஷிங் பூங்காவில் இருக்கிறது. முப்பத்துமூன்று டிகிரி வெயிலில் வெந்நீரில் கால் வைக்க யார் வருவார்கள் என்று நினைத்தேன். இடமே இல்லை. எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள், பேப்பர் படித்துக்கொண்டு, உலகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு. நாங்கள் நேராகத் தொட்டியை நோக்கிப் போனதும் ஏழெட்டுக் குரல்கள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. முதலில் குழாயில் காலைக் கழுவ வேண்டும். ஒரு தாத்தா எழுந்து வந்து, சின்னவனின் காலைத் தானே கழுவி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, சரிபார்த்து, அதன் பிறகுதான் நகர்ந்து இடம்விட்டார். ஒரு விரல், அப்புறம் பாதி பாதம், அப்புறம் முழுவதும் என்று இறங்கச் சொல்லிக் கொடுத்தார். சின்னவன் அவரை "அங்கிள்" என்றான். பெரியவள் அது தாத்தா என்று திருத்தினாள். அவர் இரண்டுக்கும் தலையாட்டினார்.

இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுபிள்ளைகளோடு ஒரு நகரத்தைப் பார்க்க எத்தனை சுற்றுலா இடம் இருக்கிறது என்பது கணக்கே இல்லை. எத்தனை இடத்தில் கழிப்பறை இருக்கிறது, அது சுத்தமா, எங்கே உட்காரலாம், பிள்ளை அழுதால் சுற்றியிருப்பவர் முகம் எப்படிப் போகிறது, இவைதான் கணக்கு. தைபேயில் எல்லா எம்ஆர்டி நிலையத்திலும் கழிப்பறை உண்டு. ரயிலில் அடர்நீல இருக்கைகள் கூட்ட நேரத்திலும் காலியாகவே கிடக்கும், வேண்டியவர் வருவார் என்று. குறை இல்லாமல் இல்லை. நடைபாதை என்பது கடைக்குக் கடை உயரம் மாறும் படிக்கட்டு, அதில் பாதியை ஸ்கூட்டர்கள் பிடித்துக்கொள்கின்றன. ஸ்ட்ரோலரின் முன்சக்கரம் அங்கேதான் உடைந்தது. தெருவில் குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது. ஈர டயப்பரைப் பைக்குள் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்ற வேண்டியதுதான்.

ஜூன் 12, புதன்

கிளம்பும் நாள். மூன்று சக்கர ஸ்ட்ரோலரில் பெட்டியை ஏற்றி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். வரவேற்பு அம்மாள் பெரியவளிடம் ஓர் உறை கொடுத்தார். நாங்கள் அறையில் விட்டுவிட்டு வந்த கடை ரசீதுகள் எல்லாம் அதில். குப்பை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இந்த நாட்டில் ரசீது ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குலுக்கல். கடைக்காரர்கள் ரசீது கொடுக்காமல் வரி ஏய்ப்பதைத் தடுக்க 1951இல் அரசாங்கம் தொடங்கிய ஏற்பாடு. பெரிய பரிசு ஒரு கோடி டாலர், கடைசிப் பரிசு 200. வெளிநாட்டவருக்கும் உண்டு. மே, ஜூன் ரசீதுகளுக்கு ஜூலை 25இல் குலுக்கல்.

விமானத்தில் பெரியவள் உறையைப் பிரித்து எண்களை நோட்டில் எழுத ஆரம்பித்தாள். மாம்பழ ஐஸ், நாலு மணிப் பால், செவன் இலெவன் முட்டை, குடை. முட்டையை நிற்க வைத்தவள் அல்லவா, நிச்சயம் விழும் என்கிறாள். 200 டாலர் விழுந்தால் அதை வாங்க நாலு பேரும் திரும்பப் போக வேண்டும் என்று கணவர் கணக்குப் போட்டுக் காட்டினார். சரி, போகலாம் என்றாள்.